நீரோ பிடில் வாசிக்கவில்லை, நாணயத்தில் கை வைத்தான்

நாட்டில் ஒரு நெருக்கடி வந்தால் போதும், பத்திரிகைப் பத்தியிலும் மேடைப் பேச்சிலும் முகநூலிலும் "உரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்" என்ற வசனம் தவறாமல் வந்து நிற்கும். சொல்ல வந்த விஷயம் எல்லோருக்கும் உடனே விளங்கிவிடுவதால் அதற்கு நல்ல மவுசு. ஆனால் அந்தத் தீ மூண்ட கி.பி. 64-இல் பிடில் என்ற வாத்தியமே கிடையாது. வயலின் இத்தாலியில் உருவானது 16-ஆம் நூற்றாண்டில். நீரோ பயின்றது கித்தாரா. உடம்போடு அணைத்துப் பிடித்து மீட்டுகிற, யாழைப் போன்ற நரம்புக் கருவி.

பிடிலைக் கழித்துவிடுவது சுலபம். அதற்குப் பிறகு மிஞ்சுகிற கேள்விகள்தான் கனமானவை. ஊர் எரியும்போது அவன் பாடினானா? தீயை மூட்டியவனே அவன்தானா? இந்த ஒரு கதையை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால், திரைப்படத்திலும் காணொளியிலும் வருகிற மற்ற உரோமப் பேரரசர் கதைகளைப் பிரிக்கவும் கை பழகிவிடும். அதனால் நீரோவிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.

தீயும் பாட்டும்

நமக்குச் சாட்சி சொல்பவர்கள் முக்கியமாக மூன்று பழைய வரலாற்றாசிரியர்கள். தசிற்றஸ் தீ மூண்டபோது எட்டு வயது மட்டில் இருந்த சிறுவர். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து எழுதினார். சுவெற்றோனியஸ் தீக்குப் பிறகு பிறந்தவர். பேரரசன் ஹட்ரியனின் அரண்மனையில் கடிதப் பொறுப்பு வகித்தவர். கசியஸ் டியோ கிரேக்க மொழியில் எழுதியவர், செனற் என்ற உரோம ஆட்சிமன்றத்தின் உறுப்பினர்; 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர், அதாவது சம்பவத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர். அதிலும் தீ பற்றி டியோ எழுதிய பகுதி அப்படியே கிடைக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி செய்த சுருக்கம்தான் நம் கையில் இருக்கிறது.

தசிற்றஸ் தருகிற விவரம் இது. யூலை 18-ஆம் திகதி இரவு, தேரோட்டப் பெருந்திடலை ஒட்டிய கடைத்தெருவில், எளிதில் பற்றக்கூடிய சரக்குகள் கிடந்த இடத்தில் தீ பிடித்தது. காற்றும் ஒடுங்கிய தெருக்களும் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு போயின. ஆறாம் நாள் கட்டடங்களை இடித்து வெட்டவெளியாக்கித்தான் நிறுத்தினார்கள். பிறகு வேறொரு இடத்தில் மறுபடி மூண்டது. நகரின் 14 வட்டாரங்களில் 3 தரைமட்டம், 7 கடும் சேதம், 4 மட்டும் தப்பின. தொடக்கத்தில் நீரோ ஊரிலேயே இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தள்ளி, அன்ரியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. தன் மாளிகையைத் தீ நெருங்கிய பிறகுதான் திரும்பி வந்தான். மாளிகையும் எரிந்தது.

இனிப் பாட்டுக்கு வருவோம். ஊர் எரியும்போது நீரோ தன் வீட்டு மேடையில் ஏறி திரோய் நகரின் அழிவைப் பாடினான் என்று ஒரு வதந்தி பரவியது என்கிறார் தசிற்றஸ். வதந்தி என்றே சொல்கிறார். அவன் செய்த நிவாரண வேலை எதுவும் மக்கள் மனதில் ஒட்டாமல் போனதற்கு அந்த வதந்தியே காரணம் என்றும் சொல்கிறார். சுவெற்றோனியஸிடம் வரும்போது "வதந்தி" விடுபட்டுப்போகிறது: நாடக உடையில், மைசினாஸ் கோபுரத்தில் ஏறிப் பாடினான். டியோவிடம் இடம் அரண்மனைக் கூரைக்கு மாறுகிறது. சம்பவத்துக்குக் கிட்ட இருப்பவர் தயங்குகிறார், எட்டப் போகப் போக உறுதி கூடுகிறது, இடமோ ஒவ்வொருவரிடமும் வேறு. உண்மையாக நடந்ததைப் பலர் பார்த்திருந்தால் இடமாவது ஒன்றாக இருந்திருக்கும்.

தீ வைத்தது யார் என்பதிலும் இதே கோலம்தான். தற்செயலா, பேரரசனின் சதியா, இரண்டும் சொல்லப்படுகின்றன என்று எழுதிவிட்டு நிற்கிறார் தசிற்றஸ். மற்ற இருவரும் நேரே குற்றஞ்சாட்டுகிறார்கள். சந்தேகம் எழக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாம் முறை தீ மூண்டது நீரோவின் கையாள் டிகெல்லினஸின் காணியில். எரிந்த நிலத்தின் பெரும்பகுதியை வளைத்து நீரோ "பொன் மாளிகை" கட்டினான். ஆனால் தான் அருமையாகக் கட்டிய, கலைப்பொருட்கள் நிறைந்த மாளிகையைத் தானே கொளுத்தினான் என்பது பொருந்தவில்லை. தன் தோட்டங்களையும் மார்ஸ் வெளியையும் வீடிழந்தோருக்குத் திறந்துவிட்டான். ஒஸ்ரியாத் துறைமுகத்திலிருந்து உணவு வரவழைத்தான். தானியத்தின் விலையை ஒரு மோடியஸுக்கு, அதாவது ஆறரைக் கிலோ மட்டில் கோதுமைக்கு, 3 செஸ்ரேஸ் (உரோமக் காசு) என்று இறக்கினான். புதிய வீதிகள் அகலமாக, வீடுகள் உயரக் கட்டுப்பாட்டோடு, தீயைத் தாங்கும் கல்லைக் கொண்டு கட்டப்பட்டன. இவ்வளவையும் சொல்வது நீரோவைப் பிடிக்காத தசிற்றஸ். பிடிக்காதவர் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்கு மதிப்புக் கூட. என் முடிவு: தீ வைத்தது நீரோ அல்லன்.

கிறிஸ்தவர்கள் மீது பழி விழுந்த விஷயத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். கொடூரமான தண்டனைகள் நடந்ததைத் தசிற்றஸ் விவரமாக எழுதுகிறார். தண்டனைக்குக் காரணம் தீயின் பழி என்கிறார். கிறிஸ்தவர்கள் தண்டிக்கப்பட்டதைச் சுவெற்றோனியஸும் குறிப்பிடுகிறார், ஆனால் தீயோடு சேர்க்கவில்லை. படங்களில் பெரிய பிழை இடத்தில்தான்: நீரோ கொலோசியத்தில் அமர்ந்து கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்குப் போடும் காட்சி. கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியதே ஏறத்தாழ 72-இல், நீரோ செத்து நாலு வருசத்துக்குப் பிறகு. அவன் காலத்தில் அந்த இடத்தில் இருந்தது பொன் மாளிகையின் குளம். தண்டனைகள் நடந்தது அவனது தோட்டத்திலும், அதை ஒட்டிய தேரோட்டத் திடலிலும்.

இப்போது எதிர்ப்பக்கக் கட்டுக்கதை ஒன்றும் பரவுகிறது. "நீரோ நல்லவன், எல்லாம் எதிரிகள் கட்டியது" என்று காணொளிகள் வருகின்றன. அதுவும் சரியில்லை. 59-இல் தாய் அக்ரிப்பினாவைக் கொல்வித்தது அவன்தான். அதில் மூவரும் ஒரே பேச்சு. இறந்த பிறகு அவன் கல்லறையில் நெடுநாள் பூ வைத்தவர்கள் இருந்தார்கள், கிழக்கு மாகாணங்களில் "நான்தான் நீரோ" என்று போலிகள் கிளம்பி ஆள் சேர்த்தார்கள் என்பதும் பதிவு. சாதாரண சனங்களில் ஒரு பகுதி அவனை விரும்பியது, செனற் வெறுத்தது. எழுதியவர்களில் தசிற்றஸும் டியோவும் செனற்காரர்கள்.

கொடுங்கோலனின் வரவு

எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்குள் இறங்கும்போதே அதற்குரிய வரவுத் தாளமும் ஆட்டமும் வந்திருப்பவர் யார், எந்தத் தன்மையானவர் என்று சபைக்குச் சொல்லிவிடும். உரோம எழுத்தாளர்களிடமும் கொடுங்கோலனுக்கு இப்படி ஒரு வரவு இருந்தது. உறவினரைக் கொல்வான், குடும்பத்துக்குள்ளேயே முறைகேடாக நடப்பான், பணக்காரர் சொத்தைப் பறிப்பான், தன்னைக் கடவுள் என்பான், மேடையிலோ களத்திலோ ஏறிக் குலத்தைக் கெடுப்பான். கலிகுலா, நீரோ, டொமிஷியன், கொமொடஸ் ஆகியோர் மேல் இந்தக் குற்றச்சாட்டுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். சிலவற்றை அவர்கள் உண்மையாகவே செய்தார்கள். ஆனால் ஒரே குற்றச்சாட்டு நாலு பேருக்கும் ஒரே விதமாக வரும்போது கை நிதானிக்க வேண்டும்.

இன்னொன்று, யாருடைய ஆட்சியில் எழுதப்பட்டது என்பது. கலிகுலா கொல்லப்பட்டதால் பதவிக்கு வந்தவர் கிளோடியஸ். நீரோவின் வம்சம் அழிந்த இடத்தில் எழுந்தவர்கள் வெஸ்பாசியனும் அவரது மகன்களும். டொமிஷியனைத் திட்டி எழுதியவர்கள் அடுத்த வம்சத்தின் நிழலில் இருந்தார்கள். முன்னவன் கெட்டவனாக இருந்தால்தான் கொலைக்கு நியாயம் உண்டு. நல்ல மரணம் அடைந்து, விரும்பிய வாரிசிடம் ஆட்சியைக் கொடுத்துப்போன பேரரசர்கள் பெரும்பாலும் "நல்லவர்கள்" ஆகிவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

குதிரை கொன்சலானதா?

கலிகுலா தன் குதிரை இன்சிற்றாற்றஸை உரோமின் மிக உயர்ந்த பதவியான கொன்சல் ஆக்கினான் என்பது பொது அறிவுப் போட்டிகளில்கூட வரும் கதை. குதிரை அந்தப் பதவியில் அமர்ந்ததாகப் பழைய நூல் எதுவும் சொல்லவில்லை. சுவெற்றோனியஸ் சொல்வது, அப்படி ஆக்க எண்ணியிருந்தானாம் என்று. டியோ சொல்வது, வாக்குக் கொடுத்தான், உயிரோடு இருந்திருந்தால் செய்திருப்பான் என்று. சலவைக்கல் தொழுவம், தந்தத்தில் தீனித்தொட்டி, ஊதாப் போர்வை, மணிக் கழுத்துப்பட்டி, போட்டிக்கு முதல் நாள் குதிரை உறங்கவேண்டும் என்று அயலில் சத்தம் போடாமல் இருக்கப் படையினரைக் காவல் நிறுத்தியது, இவ்வளவும் சுவெற்றோனியஸிடம் உண்டு. தேரோட்டப் பைத்தியம் பிடித்த 25 வயது இளைஞனுக்கு இதெல்லாம் நம்பக்கூடியது. பதவிப் பேச்சு, "உங்களைவிட என் குதிரை மேல்" என்று செனற்காரருக்குக் கொடுத்த அவமானமாக இருந்திருக்க வேண்டும் என்பதே எனக்கும் சரியாகப் படுகிறது.

கலிகுலா விஷயத்தில் பெரிய இடைஞ்சல், தசிற்றஸின் நூலில் அவன் ஆட்சிக்காலத்துக்கு உரிய பகுதி தொலைந்துபோனது. ஆனால் நேரில் பார்த்த ஒருவரின் எழுத்து இருக்கிறது. அலெக்சாந்திரிய யூதர்களின் தூதுக்குழுவைத் தலைமை தாங்கிப் போன பைலோ. தூதுவர்கள் உயிர்போகிற முறைப்பாட்டைச் சொல்லிக்கொண்டு பின்னால் ஓட, கலிகுலா தோட்ட மாளிகைகளின் அறை அறையாக நடந்து, சன்னல்களுக்கும் சுவர்களுக்கும் திருத்த வேலை சொல்லிக்கொண்டே, இடையில் திரும்பி "நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை?" என்று கேட்கிறான். கூட நின்றவர்கள் சிரிக்கிறார்கள். குதிரையும் இல்லை, பித்தனும் இல்லை. அடுத்தவர் உயிரை விளையாட்டாக நினைக்கிற அதிகாரம் தெரிகிறது. எந்தப் படத்தில் வருகிற கலிகுலாவையும்விட இவன்தான் எனக்குப் பயங்கரமாகத் தோன்றுகிறான்.

கடலோடு போர் தொடுத்துப் படையினரைச் சிப்பி பொறுக்கவைத்த கதையில் சிப்பி சுவெற்றோனியஸிடம் உண்டு. கடல் தெய்வம் நெப்தியூன் மேல் போர் என்பது பிற்காலச் சேர்க்கை.

கிளாடியேற்றர் படத்தில் எது உண்மை

2000-ஆம் ஆண்டில் வந்த கிளாடியேற்றர் படம் உரோமைப் பற்றி எங்கள் தலைமுறைக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. மக்சிமஸ் கற்பனைப் பாத்திரம். மார்க்கஸ் ஒரேலியஸ் மகனின் கையால் சாகவில்லை. 180 மார்ச் 17-இல், தன்யூப் ஆற்றுப் போர்முனையில் நோயால் இறந்தார். அவர் குடியாட்சியைத் திருப்பிக் கொடுக்க நினைத்ததும் இல்லை. 177-இலேயே கொமொடஸைத் தனக்குச் சமமான இணைப் பேரரசனாக ஆக்கிவிட்டார். படத்தில் கொமொடஸின் ஆட்சி சில மாதங்கள் போலத் தெரியும். தந்தைக்குப் பிறகு அவன் ஆண்டது 12 ஆண்டுகளுக்கு மேல். அக்கா லூசில்லா 182-இல் அவனைக் கொல்லச் சதி செய்து, நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவன் செத்ததும் களத்தில் அல்ல. 192 டிசெம்பர் 31 அன்று, காதலி மார்சியா கொடுத்த நஞ்சு வேலை செய்யாமல் வாந்தி எடுத்துவிட, நார்சிசஸ் என்ற மல்யுத்த வீரனை அனுப்பிக் குளியலறையில் கழுத்தை நெரித்தார்கள்.

ஆனால் படம் சரியாகச் சொல்வது ஒன்று: பேரரசன் களத்தில் இறங்கினான். இதற்குச் சாட்சி டியோ. இந்தமுறை 150 ஆண்டுகள் பிந்தியவராக அல்ல, செனற்காரருக்குரிய ஆசனத்தில் இருந்து பார்த்தவராக. கொமொடஸ் ஒரு தீக்கோழியைக் கொன்று, அதன் தலையை இடக்கையிலும் இரத்தம் வடியும் வாளை வலக்கையிலும் பிடித்தபடி செனற்காரருக்கு முன் வந்து நின்றான். எதுவும் பேசவில்லை. பல்லைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினான். டியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை போகும் என்று, தன் மாலையிலிருந்து லோறல் இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார், பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் பத்து இலட்சம் செஸ்ரேஸ் கூலியாக எடுத்துக்கொண்டான் என்றும் டியோ எழுதுகிறார். அப்போது ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1200 செஸ்ரேஸ் அளவில். ஆக ஒருநாள் கூத்துக்கு 800-க்கு மேற்பட்ட வீரர்களின் ஆண்டுச் சம்பளம். களத்தில் அவன் மரவாளால்தான் மோதினான். எதிராளி யாரும் வெல்லத் துணியவில்லை.

2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கரகல்லாவும் கெற்றாவும் வெளுத்த முகத்தோடு வருகிறார்கள். அவர்களின் தந்தை செப்திமியஸ் செவெரஸ் இன்றைய லிபியாவில் பிறந்தவர், தாய் யூலியா டொம்னா சிரியாவின் எமேசா ஊரவர். பெர்லினில் ஒரு வட்டப் பலகை ஓவியம் இருக்கிறது: இந்தக் குடும்பம் உயிரோடு இருந்த காலத்தில் மரப்பலகையில் வரைந்தது. தந்தை மாநிறம், நரைத்த தாடி; பக்கத்தில் தாய்; முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளையின் முகம் மட்டும் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கிறது. அது கெற்றா. 211 டிசெம்பரில், சமாதானம் பேச என்று அழைத்து, தாயின் மடியிலேயே அண்ணன் கரகல்லா தம்பியைக் கொல்வித்தான். தடுத்த தாயின் கையும் காயப்பட்டது. பிறகு கெற்றாவின் பெயரும் உருவமும் பேரரசு முழுவதும் அழிக்கப்பட்டன. படம் எடுத்தவர்கள் தாயின் மடியில் நடந்த இந்தக் காட்சியை விட்டுவிட்டு வேறு கதை தேடியது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கரகல்லா அதற்குப் பிறகும் 217 வரை ஆண்டான். 212-இல் பேரரசின் சுதந்திர மனிதர் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்ததும் இந்தத் தம்பியைக் கொன்றவன்தான்.

கொலோசியத்தில் தண்ணீர் நிரப்பிக் கப்பற்சண்டை நடந்ததா? திறப்பு விழாவான 80-இல் நடந்தது என்கிறார் டியோ. அடுத்து டொமிஷியன் காலத்தில் களத்துக்கு அடியில் நிலவறைகளும் பாரத்தை மேலே ஏற்றும் தூக்கிகளும் கட்டப்பட்டன; அதன்பிறகு தண்ணீர் விட வழியில்லை. ஆகவே கரகல்லா காலத்தில் கொலோசியத்தில் கப்பல் ஓடாது. படத்தில் அந்தத் தண்ணீரில் வரும் சுறாமீன் பற்றி எந்தப் பழைய நூலும் பேசவில்லை.

கிளாடியேற்றர் எனப்படும் களவீரரின் ஒவ்வொரு மோதலும் ஒருவர் சாவோடு முடியும் என்பதும் பிழை. பயிற்றுவித்த வீரன் விலை கூடியவன். செத்தால் போட்டி நடத்துபவர் நட்டஈடு கட்ட வேண்டும். சிசிலியில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்லில் பிளம்மா என்ற சிரிய வீரனின் கணக்கு இருக்கிறது: வயது 30, மோதல் 34, வெற்றி 21, சமம் 9, தோற்று உயிரோடு விடப்பட்டது 4. "சாகப்போகிற நாங்கள் வணங்குகிறோம்" என்ற வசனமும் வீரர்களின் வழக்கமான வணக்கம் அல்ல. 52-இல் பூசினஸ் ஏரியில் கிளோடியஸ் நடத்திய கப்பற்சண்டையில், மரணதண்டனைக் கைதிகள் சொன்னதாக ஒரேயொரு தடவைதான் பதிவாகியிருக்கிறது. பெருவிரலைக் கீழே காட்டினால் சாவு என்பதை உலகம் முழுக்கப் பதியவைத்தது 1872-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் வரைந்த படம். பழைய நூல்கள் பெருவிரலைத் திருப்புவதைச் சொல்கின்றன, திசையைச் சொல்லவில்லை.

மேடை ஏற்றுபவர்களுக்கு

தவக்காலத்தில் பாடுகளின் நாடகம் போடும் தேவாலயக் குழுக்களுக்கும், ஆங்கில தினப் போட்டிக்குச் சீசர் கொலைக்காட்சி தயார்பண்ணும் பாடசாலைகளுக்கும் இந்தப் பகுதி உதவும்.

முதலில் யூலியஸ் சீசர் பேரரசன் அல்லன். அவன் ஆயுட்காலச் சர்வாதிகாரி. முதற் பேரரசன் ஒகஸ்டஸ், கி.மு. 27-இலிருந்து. ஆகவே சீசருக்குப் பொன் முடி வைக்கக்கூடாது. கொல்லப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, அன்ரனி எல்லோர் முன்னாலும் நீட்டிய முடிப்பட்டியை அவனே மறுத்தான். வைக்க வேண்டியது இலைமாலை. அட்டையில் எலுமிச்சை இலை அளவில் இலைகள் வெட்டி, இரண்டு வரிசையாகப் பட்டியில் ஒட்டி, பின்னந்தலையில் நாடாவால் கட்டினால் போதும். கொலை நடந்த இடம் வழக்கமான செனற் மண்டபம் அல்ல, சீசரின் பழைய எதிரி பொம்பேயின் அரங்கத்தோடு சேர்ந்த மண்டபம். பின்னால் பொம்பேயின் சிலை நிற்க வேண்டும். 23 குத்துகள், அவற்றில் மார்பில் விழுந்த ஒன்றுதான் உயிரைக் கொண்டுபோனது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னார். "நீயுமா புரூட்டஸ்" ஷேக்ஸ்பியர் நாடகத்தின் வசனம். சீசர் ஒன்றும் பேசாமல் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டான் என்பதே சுவெற்றோனியஸ் முதலில் சொல்வது. சிலர் சொல்கிறார்கள் என்று, "பிள்ளாய், நீயுமா" என்ற கிரேக்க வசனத்தைப் பிறகு சேர்க்கிறார். நாடகம் ஷேக்ஸ்பியருடையது என்றால் வசனத்தை மாற்ற வேண்டாம். அறிமுக உரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

தோகா என்ற மேலாடைதான் எல்லா மேடையிலும் பிழைக்கிறது. ஒற்றை அகலத் துணியை அல்லது வெள்ளைச் சேலையைச் சுற்றிவிடுகிறார்கள். அகலம் போதாததால் மடிப்பு விழாது, தோளிலும் நிற்காது. தோகா அரைவட்டத் துணி. பெரியவருக்கு நேர் விளிம்பு ஐந்தரை மீற்றர், நடு அகலம் இரண்டரை மீற்றர் அளவில் வேண்டும். கடையில் கிடைக்கும் 1.2 மீற்றர் அகலப் பருத்தித் துணியில் 11 மீற்றர் வாங்கி, இரண்டாக வெட்டி நீளவாட்டில் பொருத்தித் தைத்தால் 2.4 மீற்றர் வரும். மேடைக்கு அது போதும். இரண்டு கீழ் மூலைகளையும் வளைவாக வெட்டுங்கள். மெல்லிய துணி வேண்டாம், அசல் கம்பளி நெசவு. கனமான பருத்திதான் மடிப்பைப் பிடிக்கும். கட்டும் முறை: ஒரு நுனியை இடத்தோளின் முன்பக்கமாகப் பாதம் வரை தொங்கவிட்டு, மீதியை முதுகுப்பக்கம் கொண்டுபோய், வலக்கைக்குக் கீழால் முன்னுக்கு எடுத்து, மார்பின் குறுக்கே மறுபடி இடத்தோளுக்கு மேலால் பின்னே போட வேண்டும். ஊசி கிடையாது, இடக்கை மடக்கியபடியே இருக்கும், வலக்கை மட்டும் சுதந்திரம். பேசும்போது இரண்டு கையையும் வீசுகிற நடிகர் தோகாவைக் கீழே விட்டுவிடுவார். ஒத்திகையை முதல் நாளிலிருந்தே துணியோடு செய்யுங்கள். அதிகாரிகளுக்கு விளிம்பில் கருஞ்சிவப்புக் கரை. பளபளக்கும் கத்தரிப்பூ நிறம் வேண்டாம், பழைய ஊதாச்சாயம் கடுஞ்சிவப்பை ஒட்டியது.

கையை நேராக நீட்டும் "உரோம வணக்கம்" பழைய உரோமில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. 1784-இல் பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்த உறுதிமொழிக் காட்சியிலிருந்து நாடகத்துக்கும், அங்கிருந்து படத்துக்கும் வந்தது. பின்னால் அது ஹிட்லரின் நாசிக் கட்சியின் வணக்கம் ஆனதால் பிள்ளைகளின் மேடையில் தவிர்ப்பதே நல்லது. மணிக்கட்டில் தோற்பட்டியும் திரைப்படச் சேர்க்கை. பிலாத்துவைப் பேரரசன் போல உடுத்தவேண்டாம். அவன் ஆளுநர், 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்லில் அவன் பெயரும் பதவியும் இருக்கின்றன. பேரரசன் திபேரியஸ் அப்போது கப்ரித் தீவில்.

ஓவியங்களை ஆதாரமாகக் கொள்ளும்போதும் கவனம். பேரரசன் எலகபாலஸ் விருந்தினரை ரோசாப்பூ மழையில் மூச்சுமுட்டக் கொன்றான் என்ற படம் 1888-இல் அல்மா ததேமா வரைந்தது. மூல நூலில் இருப்பது வயலட்டும் வேறு பூக்களும். அந்த நூலே போலிக் கடிதங்களும் போலி ஆவணங்களும் நிறைந்த, 4-ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதித் தொகுப்பு. அதை மட்டும் நம்பி வரும் கதை எதையும் நான் எடுப்பதில்லை.

நீங்களே பார்க்க விரும்பினால் இந்த மூல நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது; லாக்கஸ் கர்ட்டியஸ், பெர்சியஸ் ஆகிய இரண்டு தளங்கள் போதும். நூல் எண்ணும் அத்தியாய எண்ணும்தான் முகவரி: உரோமத் தீ, தசிற்றஸின் ஆண்டுக்குறிப்புகள் 15-ஆம் நூல், 38 முதல் 44 வரை. குதிரை, சுவெற்றோனியஸின் கலிகுலா வரலாறு 55. எண் தராமல் "வரலாறு சொல்கிறது" என்று மட்டும் சொல்கிற காணொளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இலங்கை அரசன் நிறுத்துப் பார்த்த காசு

எங்கள் தீவைப் பற்றியே உரோமில் ஒரு கதை உண்டு. மூத்த பிளினி தன் நூலின் 6-ஆம் பகுதியில் எழுதுகிறார்: செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்கமஸின் ஆள் ஒருவன், விடுதலை பெற்ற அடிமை, அரபுக் கரையோரம் காற்றில் அகப்பட்டுத் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, அடித்துவரப்பட்டான். அரசன் அவனிடம் இருந்த உரோம வெள்ளிக் காசுகளைப் பார்த்தான். தலைகள் வேறு வேறு, ஆகவே வெவ்வேறு ஆட்சியில் அடித்தவை. எடையோ எல்லாம் ஒன்று. இந்த நேர்மையை மெச்சி நான்கு தூதரைக் கிளோடியஸிடம் அனுப்பினான். தலைவன் பெயர் ராக்கியா.

மேலே சொன்ன முறையில் இதையும் பிரிக்கலாம். புளோக்கமஸ் கற்பனை ஆள் அல்ல: எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் வழியிலுள்ள பாறையில் அவனுடைய அடிமை லைசாஸ் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெயர் பொறித்திருக்கிறான், கி.பி. 6-ஆம் ஆண்டுத் திகதியோடு. தூதும் நம்பத்தக்கது, தூதர் தலைநகருக்கு வந்தது பிளினியின் வாழ்நாளில். ஆனால் காசை ஒப்பிட்டு உரோமை அரசன் மெச்சுகிற காட்சி ஐயத்துக்குரியது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்துக் கொஸ்மாஸ் என்ற வணிகத் துறவியும் இதே சாயலில், இலங்கை அரசன் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் ஒப்பிட்டு உரோமுக்குத் தீர்ப்புச் சொன்னதாக எழுதுகிறார். தங்கள் காசைத் தூரத்து அரசன் புகழ்வதைக் கேட்க உரோமருக்கு விருப்பம் இருந்தது.

காசு மட்டும் யாருக்காகவும் கதை சொல்லாது, தராசில் வைத்தால் போதும். தீ நடந்த 64-ஐ ஒட்டி நீரோ வெள்ளி தெனாரியஸின் எடையை, ஒரு உரோம றாத்தலுக்கு 84 காசு என்பதிலிருந்து 96 காசாகக் குறைத்தான், ஏறத்தாழ 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமுக்கு. வெள்ளியின் தூய்மையையும் இறக்கினான். நகரைத் திரும்பக் கட்டுவதற்கும் பொன் மாளிகைக்கும் பணம் வேண்டியிருந்தது. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் தெனாரியஸ்கள் ஒகஸ்டஸும் திபேரியஸும் அடித்தவை, குறைப்புக்கு முந்திய முழு எடைக் காசுகள்.